புகைப்படக் கழகம்: 2024–25ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு நகல் அஞ்சலில் போகும். அந்தச் செலவும் கழகத்தினுடையதுதான்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. உலகப் புகைப்பட நாளில் மாணவர்களுக்குப் போட்டி வைத்தோம். டிசம்பர்ச் சுற்றுலா மழையால் நின்றது.

ஜனவரியில் நடத்திய நைல் படகுகள் கண்காட்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 'செயலர் தம் ஆசைக்குக் கழகப் பணத்தை இறைக்கிறார்' என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. இங்கிலாந்துப் புகைப்படக்காரர் ஃபிரான்சிஸ் ஃபிரித் 1856–60இல் எகிப்துப் பக்கம் மூன்று முறை பயணம் செய்து எடுத்த படங்களின் நகல்கள் அவை. கழகம் கொடுத்தது அச்சுக்கும் படச்சட்டத்துக்கும் மட்டுமே. ஆணி அடித்தது நான்.

தெற்கு எகிப்தில், நூபியப் பகுதியிலுள்ள இப்ரீம் கோட்டைப் பாறையருகே பயணியர் படகு நிற்கும் படத்தைப் பார்த்து ஒரு மாணவி கேட்டாள்: "எல்லாப் படகும் கட்டியே கிடக்கின்றனவே, ஒன்றுகூடப் போகவில்லையா?" போயின. நைல் வடக்கே ஓடுகிறது, காற்று வடக்கிலிருந்து வீசுகிறது. தெற்கே போகப் பாய், திரும்பி வர நீரோட்டமும் துடுப்பும். ஆனால் அன்றைய ஈரத் தகட்டுக்கு, அதாவது ஈரம் காயாத மருந்துப் பூச்சுள்ள கண்ணாடிக்கு, சில விநாடிகளாவது வெளிச்சம் வேண்டும். அதற்குள் ஓடும் படகு வெறும் புகைத்தடமாகிவிடும். கொலோடியன் என்னும் பசைத் திரவம் பூசிய கண்ணாடியை வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் ஆக வேண்டும். நூபிய வெயிலில் கொலோடியன் கண்ணாடி மேலேயே கொதித்ததாம். பெரிதாக்கும் வசதியும் இல்லை. 16க்கு 20 அங்குலப் படமென்றால் கண்ணாடியும் அதே அளவு. அன்று ஆற்றுக்கு மேலே ஓங்கி நின்ற அந்தப் பாறையை இன்று அஸ்வான் அணையால் உண்டான நாசர் ஏரி ஏறக்குறைய உச்சிவரை மூடியிருக்கிறது.

இதையெல்லாம் விளக்கிய மாலையில் கேட்டவர்கள் ஆறு பேர். இருவர் மண்டபக் காவலர்கள்.

சந்தாவைப் பாதிப் பேர் இரண்டாண்டாகத் தரவில்லை. அவர்களில் ஒருவர் புதிதாக வாங்கிய கேமராவை நம் வாட்ஸ்அப் குழுவில் காட்டினார், வாழ்த்தினோம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு, கடன் இல்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். மண்டபம் தந்தவர்களுக்கும் அச்சகத்தாருக்கும் நன்றி.

வரும் ஆண்டில், 1880களில் இங்கிலாந்தின் நார்ஃபோக் ஆறுகளைப் படமெடுத்த எமர்சனை எடுத்துக்கொள்ள எண்ணம். காய்ந்த பிறகும் பயன்படும், குறைந்த நேர வெளிச்சமே போதுமான உலர் தகடு வந்துவிட்ட காலம். ஹார்னிங் பாய்மரப் போட்டியையே எடுத்திருக்கிறார். சந்தா வந்தால் நடக்கும். செயலர் பொறுப்பேற்க வேறு யாரேனும் முன்வந்தாலும் மகிழ்ச்சியே. கழகச் சாவி என் பையில்தான் இருக்கிறது. நைல் படச் சட்டங்கள் இருபத்திரண்டும் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன, வண்டியோடு வரவும்.

செயலர்