பயணம் போகிற சுயம்புவுக்கு

வடசேரி, நாகர்கோவில்
ஆனி கடைசி

அன்புள்ள சுயம்பு,

உன் கடிதம் கிடைத்தது. மழையால் பால்வெட்டு நின்றுபோய் ரப்பர் மரமெல்லாம் சும்மா நிற்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கேயும் சாரல் விட்டபாடில்லை. கொடியில் போட்ட வேட்டி காயவே மாட்டேன் என்கிறது. உன் முட்டுவலி குறைந்தது பெரிய ஆறுதல், அந்த எண்ணெயை மட்டும் விட்டுவிடாதே. வீட்டில் உன் தங்கச்சி சுகம். பேத்திக்குப் பல் முளைக்கிறது, கையில் அகப்படுவதையெல்லாம் கடிக்கிறாள்.

சிங்கப்பூரில் மகள் வீட்டில் கொஞ்ச நாள், அங்கிருந்து ஜெர்மனிக்கு மகனிடம் என்று நீங்கள் இரண்டு பேரும் கிளம்புவது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா மக்கா! ஆனால் பிள்ளைகள் வேலைக்குப் போனபிறகு ஊர் சுற்றப் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கவலைப்பட்டிருந்தாய். அதற்காகத்தான் இதை உட்கார்ந்து விரிவாக எழுதுகிறேன்.

மதினிக்கு மீனும் இறைச்சியும் ஆகாது. உனக்கோ மீன் வாசம் இல்லாமல் சோறு இறங்காது. இந்த இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வயிறு நிறைந்து எழுந்திருக்கிற கடை வெளிநாட்டில் உண்டு. மகன் பாலன் வேலை மாறி நாடு மாறியபோதெல்லாம் நாங்களும் போய்த் தங்கியதில் இதைக் கண்டுகொண்டோம். பச்சையாக வெட்டி வைத்திருப்பதிலிருந்து வேண்டியதை நாமே எடுத்துக் கொடுக்க வேண்டும், அவர்கள் நம் கண் முன்னாலேயே பெருந்தீயில் புரட்டித் தருவார்கள். ஊருக்கு ஊர் பெயர்தான் வேறு. பெயர் தெரியாததால் நம்மவர்கள் பலர் அந்த வாசலைத் தாண்டிப்போய் ரொட்டியும் பழமுமாகப் பொழுதைக் கழிக்கிறார்கள்.

சிங்கப்பூரில் அதற்கு மாலா என்று பெயர். முழுப் பெயர் மாலா ஷியாங் குவோ. சைனாடவுனில் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் இதற்குப் பேர்போன இடம், ஆனால் அதற்காக அங்கே வரை போக வேண்டாம். மகள் வீட்டுப் பக்கத்து உணவுக்கூடத்திலேயே அநேகமாக ஒரு மாலா கடை இருக்கும். கண்ணாடி அலமாரியில் எல்லாம் வரிசையாக இருக்கும். ஓட்டை ஓட்டையாக வட்டம் நறுக்கிய தாமரைக்கிழங்கு, கறுத்துச் சுருண்ட மரக்காளான், சீவின உருளைக்கிழங்கு, நாலைந்து வகைக் கீரை, சோயாப்பாலைத் திரித்துக் கட்டியாக்கின டோஃபு, சோயாப்பாலின் ஏடு, கணவாய், இறால், மீன் உருண்டை. ஒரு கிண்ணமும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு நீயே பொறுக்க வேண்டியதுதான். தராசில் வைத்து 100 கிராமுக்கு இவ்வளவு என்று விலை போடுவார்கள், பெரும்பாலும் காய்க்கு ஒரு விலை, மீன் இறைச்சிக்கு ஒரு விலை. கிண்ணம் நிறைவது தெரியாது, எடைதான் பேசும். டோஃபுவும் கிழங்கும் கனம், கீரையும் காளானும் லேசு. இதை மனதில் வைத்து எடு. சோறு தனியாகக் கேட்டு வாங்கு. தாமரைக்கிழங்கை மதினி கண்டிப்பாகச் சாப்பிட்டுப் பார்க்கட்டும். வதக்கின பிறகும் நறுக்நறுக்கென்று இருக்கும், உன் தங்கச்சி இப்போதும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எடை போட்டதும் காரம் எவ்வளவு என்று கேட்பார்கள். முதல் நாள் குறைந்த காரமே போதும் என்று சொல். உன் நாக்கு எந்தக் காரத்துக்கும் அசராது என்பது எனக்குத் தெரியும், ஆனால் இதில் மிளகாயோடு சிச்சுவான் மிளகும் சேர்கிறது. அது உறைக்காது. நாக்கும் உதடும் மெல்ல மரத்து, உள்ளே ஏதோ துடிக்கிற மாதிரி இருக்கும். அந்தத் துடிப்பை 2013-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். உதட்டில் அந்த மிளகைத் தடவி, விரலில் இயந்திர அதிர்வு கொடுத்து இரண்டையும் ஒப்பிடச் சொன்னபோது வினாடிக்கு ஏறத்தாழ 50 அதிர்வுக்கு ஒத்து வந்ததாம். நம் நல்லமிளகுக்கும் அதற்கும் உறவே கிடையாது, அது எலுமிச்சைக் குடும்பத்து மரத்தின் காய்த்தோல். கொங்கணக் கரையில் அயிலைக் கறியில் போடுகிற திர்ஃபள் அதற்குச் சொந்தம். ஒருதரம் பழகிவிட்டால் மறுபடி மறுபடி கேட்கும், அவ்வளவு ருசி.

மதினி விஷயத்தில் ஒன்று கவனம். மாலா மசாலாவில் சில கடைகளில் மாட்டுக்கொழுப்பு சேர்ப்பார்கள், அதைக் கேட்காமல் வாங்காதே. காய் மட்டும் எடுத்துக் கொடுத்தாலும் இறால் வதக்கின அதே சட்டியில்தான் அடுத்து இதுவும் விழும். அது மனதுக்கு ஒவ்வாதென்றால் சீனர்களின் சைவக் கடைகளாகப் பார்த்துப் போங்கள். சில சைவக் கடைகளும் மாலா போடுகின்றன. எங்கே என்று மகள் விசாரித்து வைக்கட்டும்.

ஜெர்மனியில் மாலா என்று தேடினால் பெரிய ஊர்களில் மட்டும் அகப்படும். அங்கே பலகையில் மங்கோலிஷ் என்ற எழுத்தையோ வோக், அதாவது சீனச்சட்டி, என்ற எழுத்தையோ பார். மங்கோலியன் பெயரில் நடக்கிற கடைகளில் பெரும்பாலும் ஒரு தொகை கட்டிவிட்டால் வேண்டிய மட்டும் எடுக்கலாம். வோக் கடைகளில் சோறா நூடுல்ஸா என்று முதலில் தேர்வு, பிறகு மேலே போடும் காய், கடைசியில் சாஸ் என்கிற சாறு. ஆம்ஸ்டர்டாமில் 2004-இல் தொடங்கிய வோக் டு வாக் என்ற கடை இப்போது ஐரோப்பாவின் பல நகரங்களில் இருக்கிறது. காகிதப் பெட்டியில் சுடச்சுடக் கொடுத்துவிடுவார்கள், ரயிலைப் பிடிக்கிற அவசரத்துக்கு அதைவிட நல்லது இல்லை. அமெரிக்காவில் மங்கோலியன் கிரில் என்றாலே எல்லோருக்கும் தெரியும். டெக்சாஸில் பாலன் எங்களை முதலில் கூட்டிப்போனது அப்படி ஒரு கடைக்குத்தான்.

அந்த அடுப்பை நீ பார்க்க வேண்டும் சுயம்பு. கல்யாண வீட்டுத் தோசைக்கல்லைப் போல நாலு மடங்கு, வட்டமான இரும்பு, ஒரு முழு ஆள் படுக்கலாம். ஏழெட்டுப் பேருடைய கிண்ணங்களைச் சுற்றிலும் தனித்தனிக் குவியலாகக் கொட்டிவிட்டு, கையில் நீளக் குச்சிகளோடு சமையற்காரர் கல்லைச் சுற்றி நடந்துகொண்டே ஒவ்வொன்றையும் புரட்டுகிறார். ஒரு சுற்று வந்து முடிவதற்குள் முதல் குவியல் வெந்துவிடும். குவியல்கள் ஒன்றோடொன்று கலக்காது. கடைசியில் ஒரே வீச்சில் கல்லின் விளிம்புக்குத் தள்ளித் தட்டில் விழவைப்பார். ஒரு துளி சிந்தவில்லை. உன் தங்கச்சி சாப்பிட மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இதற்கு மங்கோலியப் பெயர் வந்த கதையும் உனக்குப் பிடிக்கும். மங்கோலியாவில் பிறந்த சமையலே இல்லை இது. வூ சாவ்நான் என்று ஒரு மேடை நகைச்சுவைக் கலைஞர். பெய்ஜிங்கில் பிறந்தவர், உள்நாட்டுப் போரில் தைவானுக்கு வந்து சேர்ந்தார். 1951-இல் தைப்பேயில் பிழைப்புக்காக ஒரு கடை போட்டார். தன் ஊர்ப் பெயரையே வைக்கத்தான் ஆசை. ஆனால் பெய்ஜிங் அப்போது கம்யூனிஸ்டுகளின் தலைநகரம், தைவானில் அந்தப் பெயரைப் பலகையில் எழுதினால் வம்பு. அதனால் மங்கோலியா என்று வைத்தார், அது நிலைத்துவிட்டது. மங்கோலியர்கள் ஆட்டிறைச்சியைச் சூடேற்றின கற்களோடு பாத்திரத்தில் அடைத்து வேகவைப்பவர்கள், இந்த வதக்கலுக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. கடைசியில் ஓர் அமெரிக்கக் கடைதான் 2005-இல் மங்கோலியாவின் தலைநகரான உலான் பாத்தரில் போய் இதைத் திறந்தது. சொந்த ஊர்ப் பெயரைச் சொல்ல முடியாத ஒருவர் போட்ட கடை உலகமெல்லாம் பரவியதை நினைத்தால் எனக்கு மனது நெகிழ்ந்துபோகிறது.

சரி, கிண்ணம் நிரப்புவதற்கு வருகிறேன். கல்லிலும் சட்டியிலும் உன் சாப்பாடு இருக்கப்போவது கொஞ்ச நேரம்தான். அதற்குள் வேகிறதை மட்டும் எடு. முட்டைக்கோஸ், முளைகட்டின பயறு, வெங்காயம், குடைமிளகாய், காளான், கீரை, மெல்லிசாக நறுக்கின மீன் இதெல்லாம் சரி. தடித்த காரட்டும் புரோக்கோலித் தண்டும் பச்சையாகவே தட்டுக்கு வரும். காய் வெந்தால் பாதியாகச் சுருங்கும், அதனால் கீரையைத் தாராளமாக மேலே குவித்து அழுத்து. ஒரே கிண்ணம் என்று கணக்குள்ள கடையில் இது முக்கியம். சாறு ஊற்றும்போது கை தாராளமாகவே இருக்கட்டும், பாதி கல்லிலேயே ஆவியாகிவிடும். பூண்டுச் சாறு, இஞ்சிச் சாறு, சோயா, நல்லெண்ணெய், மிளகாய் எல்லாம் தனித்தனியாக இருக்கும். சோயா ஓர் கரண்டிக்கு பூண்டு இரண்டு, இஞ்சி ஒன்று, மிளகாய் உன் இஷ்டம். இந்தக் கணக்கு எங்களுக்குப் பொய்த்ததே இல்லை. இனிப்புச் சாறுகளை ஒதுக்கிவிடு, நம் நாக்குக்கு அது ஒத்துவராது. மதினி சிப்பிச் சாறையும் மீன் சாறையும் தொடக் கூடாது, சிப்பிச் சாறு பார்க்க சோயா மாதிரியே கறுப்பாகத்தான் இருக்கும். அரிசி மதுவும் அந்த வரிசையிலேயே வைத்திருப்பார்கள். பெரிய கல்லில் வேண்டாம், தனிச் சட்டியில் செய்து தாருங்கள் என்று கேட்டால் பல கடைகளில் முகம் சுளிக்காமல் செய்கிறார்கள். இதையெல்லாம் ஜெர்மன் மொழியில் ஒரு சீட்டில் எழுதி மதினி பையில் வைக்கச் சொல் உன் மகனிடம். வாயால் விளக்குவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

கூட்டமான நேரமாகப் பார்த்துப் போ. வியாபாரம் ஓடுகிற கடையில்தான் கணவாயும் கீரையும் புதிதாக வந்துகொண்டே இருக்கும். சின்னமுட்டத்தில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நீ ஒரு மீனை வாங்கினது உண்டா? அந்தக் கண்ணுக்கு அங்கே முழு வேலை இருக்கிறது. பெயர் தெரியாத ஊரில், மொழி தெரியாத ஆளிடம், சமைத்து மூடி வைத்த குழம்பை நம்பி வாங்கப் பயமாக இருக்கும். இங்கே பச்சையாகப் பார்க்கிறாய், உன் கையாலேயே எடுக்கிறாய், தீயில் விழுவதையும் பார்க்கிறாய். அந்த நிம்மதிக்காகவே நான் அந்தக் கடைகளைத் தேடித் தேடிப் போனேன்.

இன்னொரு ஆசையும் எனக்கு உண்டு. நம் நாகர்கோவிலில் இப்படி ஒரு கடை வர வேண்டும். சோயா எதற்கு? தேங்காயெண்ணெய், கறிவேப்பிலை, சதைத்த சின்ன உள்ளி, துருவின தேங்காய். எடுத்துக் கொடுக்க ஏத்தன்காய், பயறு, சக்கைச்சுளை, அவித்த மரச்சீனி, நெத்திலி, கணவாய். கண் முன்னால் சீனச்சட்டியில் புரட்டிச் சம்பாச் சோற்றோடு கொடுத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? வெளிநாட்டிலிருந்து முக்கடல் பார்க்க வருகிறவர்கள், எதில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் தயங்கித் தயங்கி பிஸ்கட் வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் நிம்மதியாக இருக்கும். பாலனிடம் சொன்னேன், இடம் பாருங்கள் என்கிறான். உன் தம்பி மகன் ஓட்டல் படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறானே, அவனை ஒருநாள் என்னிடம் அனுப்பு. உட்கார்ந்து பேசலாம்.

பயண நாள் உறுதியானதும் உடனே எழுது. திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு நம் வண்டியிலேயே போகலாம், குலசேகரத்துக்கு நானே வந்து உங்களை ஏற்றிக்கொள்கிறேன். மதினிக்கு ஏத்தன்காய் வற்றல் உன் தங்கச்சி வறுத்துத் தருவதாகச் சொல்கிறாள், அதனால் பெட்டியில் கொஞ்சம் இடம் விட்டு வை.

அன்புடன்,
தாணு