மொட்டு உப்பட்டும், பிறகு தொட்டி மாற்றலாம்

அன்பு மகளுக்கு,

அடுத்த வாரம் விடுப்பு போட்டிருக்கிறேன், மூன்று போன்சாயையும் ஒரே நாளில் தொட்டி மாற்றிவிடுகிறேன் என்று போனில் சொன்னாய். வேண்டாம்மா. தொட்டியில் குட்டையாக வளர்த்தாலும் மூன்றும் மூன்று வித மரம். உன் விடுப்புக்கு ஏற்றாற்போல் மூன்றுக்கும் வேளை கூடி வராது.

முதலில் மேப்பிள். இலையுதிர்த்து நிற்கிற மரம் அடுத்த தழைப்புக்கு வேண்டிய சத்தை வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்திருக்கும். குளிர் தணியத் தணிய அந்தச் சத்து மேலேறி மொட்டை உப்ப வைக்கும். தொட்டி மாற்றும்போது வேரைக் கொஞ்சம் வெட்ட வேண்டியிருக்கும், அப்படி வேரில் கை வைக்க அதுதான் நேரம். வெட்டுப்பட்ட இடத்தில் புதுவேர் விடுகிற வேகம் மரத்துக்கு அப்போது இருக்கும். இலை விரியாததால் தண்ணீர்த் தேவையும் குறைவு. இலை விரிந்த பிறகு வெட்டினால், இலை வழியாக நீர் போய்க்கொண்டே இருக்கும், அதை உறிஞ்சிக் கொடுக்க வேர் போதாது. தளிர் துவண்டுவிடும். இப்போதே, நடுக்குளிரில் வெட்டினாலோ காயம் ஆறாமல் கிடக்கும், உறைபனி பட்டால் வேர் கருகும்.

அதனால் தேதியைப் பார்க்காதே, மொட்டைப் பார். இன்றைக்கு அது கிளையோடு ஒட்டி, கூராக, காய்ந்தாற்போல் இருக்கும். நாள் ஆக ஆகப் பருக்கும், மேலே ஒரு பளபளப்பு வரும். பிறகு செதில்கள் நெகிழ்ந்து, இடையில் வெளிறிய கோடு தெரியும். அது தெரிந்ததும் இலை நுனி எட்டிப் பார்ப்பதற்குள் வேலையை முடித்துவிடு. அந்த இடைவெளி நீளாது. நாலு நாள் நல்ல வெயில் அடித்தால் இன்னும் சுருங்கும். தினமும் காலையில் கிளம்புமுன் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போ.

ஜூனிபர் பசுமை மாறாத ஊசியிலை மரம், அதற்கு அவசரமே இல்லை. மேப்பிள் முடிந்து சில வாரம் கழித்து, நுனிகளில் இளம்பச்சை துளிர்க்கத் தொடங்கும்போது செய்யலாம். வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதே. பழைய மண்ணை ஒரேயடியாகக் கழுவிக் களையவும் கூடாது. வேரோடு ஒட்டி வாழ்ந்து அதற்கு நீரும் சத்தும் சேர்த்துக் கொடுக்கிற பூஞ்சை அந்த மண்ணில்தான் இருக்கிறது. ஒரு பாதியை இந்த முறை, மறு பாதியை அடுத்த முறை.

ஜன்னலோர ஃபைகஸ் வெப்ப நாட்டு மரம். அதைக் கோடை வரை தொடாதே. இரவிலும் 15 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களாக, புது இலை விட்டுக்கொண்டிருக்கிற சமயமாகப் பார்த்துச் செய். வெட்டினால் பால் வடியும், பயப்படாதே.

இன்னொன்று கேட்கிறேன். மூன்றுக்குமே இந்த வருடம் மாற்றத்தான் வேண்டுமா? ஊற்றிய தண்ணீர் உடனே இறங்காமல் மேலேயே தேங்குகிறதா, தொட்டியை விட்டு வேர்க்கட்டு மேலே எழும்பியிருக்கிறதா என்று பார். நேரம் வரும்போது மெதுவாகத் தூக்கியும் பார்க்கலாம்: சல்லிவேர் தொட்டிச் சுவரை ஒட்டி வட்டம் வட்டமாகச் சுற்றியிருந்தால் மாற்று. மண் உதிர்கிற மாதிரி இருந்தால் அப்படியே திரும்ப வைத்துவிடு. இளம் மேப்பிள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கேட்கும். வயதான ஜூனிபர் ஐந்து வருடம்கூடத் தாங்கும். நன்றாக இருக்கிற மரத்தின் வேரைச் சும்மா கலைப்பது எனக்குப் பிடிக்காது.

மாற்றிய பிறகு மரத்தைக் கம்பியால் தொட்டியோடு இறுக்கிக் கட்டு. இதை மட்டும் விட்டுவிடாதே. காற்றில் ஆடினால் அன்றன்றைக்கு விடும் புதுவேர் அறுந்துகொண்டே இருக்கும். வேர்களுக்கு நடுவே குச்சியால் மண்ணைத் தள்ளி வெற்றிடம் இல்லாமல் நிரப்பு. தொட்டிக்கு அடியில் தெளிந்த நீர் வரும்வரை ஊற்று. சில வாரம் காற்றும் கடும் வெயிலும் பனியும் படாத இடம் வேண்டும். உரம் ஒரு மாதம் கழித்துப் போதும்.

விடுப்பு நாளில் கை சும்மா இருக்காது என்றால், மண்ணைச் சலித்துத் தூளை நீக்கி உலர்த்தி மூடி வை. தொட்டி ஓட்டைகளுக்கு வலையும், கட்டுக்கம்பியும் வெட்டி வைத்துக்கொள். மொட்டு உப்பியதாகத் தோன்றினால் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா