சின்னக் கேலரிகளையும் எட்டிப் பாருங்கள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

ஏலத்தில் கோடிகளுக்குப் போன ஓவியம் என்றால் உடனே செய்தி போடுகிறீர்கள், சரி. இரண்டே அறையில் புது ஓவியர்களின் படங்களை மாட்டிவைக்கும் கேலரி பக்கம் யாராவது போகிறார்களா? விற்ற விலையில் பாதியைக் கேலரி எடுத்துக்கொள்வது பல இடங்களில் வழக்கம், கொள்ளை என்று திட்டுகிறவர்களும் உண்டு. ஆனால் வாடகை, விளக்கு எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும், அதுவும் பெயர்ச்சீட்டுப் பக்கத்தில் விற்றதற்கான சிவப்புப் பொட்டு ஏறினால்தானே. ஃப்ரேம் செலவையும் ஓவியர் தலையில் கட்டுவதுதான் அநியாயம். இன்று உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சு ஓவியர்களான மோனே, ரெனுவார் கூட்டமே 1874-இல் பாரிஸில் ஒரு புகைப்படக்காரரின் பழைய ஸ்டூடியோவில்தான் முதல் கண்காட்சி வைத்தது, பத்திரிகைக்காரர்களில் சிலர் கிண்டலடித்தாலும் வந்து பார்த்துவிட்டுத்தான் கிண்டலடித்தார்கள். நீங்களும் ஒரு நிருபரை அனுப்புங்கள், திட்டி எழுதினாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்