நீ அனுப்பிய வீடியோ

பாளையங்கோட்டை

அன்புள்ள சரோஜாவுக்கு,

நலம். நீயும் அண்ணனும் நலமா? கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் மகன் போனில் சொன்னான். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள். கட்டு அவிழ்த்து நாலு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் பார்க்கிறாயே என்று எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

வீடியோவைப் பார்த்தேன். ஒரு பூங்காவில் ஜெசிகா என்ற பயிற்சியாளரை ஓர்க்கா திமிங்கிலம் கொன்றுவிட்டதாம், அதைப் பார்த்து உன் பேத்தி அழுது சாப்பிடாமல் படுத்துவிட்டாளாம். அவளைக் கூப்பிட்டு முதலில் சொல்: அது பொய். அப்படி ஒரு பயிற்சியாளரும் கிடையாது, அந்தப் பூங்காவும் கிடையாது. செயற்கை நுண்ணறிவை வைத்துச் செய்து, 2025 ஆகஸ்டில் உலகம் பூராவும் சுற்றவிட்டார்கள்.

பொய் என்று ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். மனம் கேட்கவில்லை. உண்மையிலேயே அப்படிச் செத்துப்போன ஒருத்தி இருக்கிறாள், சரோஜா. அவள் பெயர் டான் பிரான்ஷோ.

2009 கோடையில் மகன் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தேன் அல்லவா, அப்போது ஆர்லாண்டோவில் சீவேர்ல்டு என்ற கடல் விலங்குப் பூங்காவுக்குக் கூட்டிப்போனான். நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் திலிக்கும் என்ற ஆண் ஓர்க்காவை உள்ளே விட்டார்கள். ஐந்து டன்னுக்கு மேல் எடை. மற்றவை பாய்ந்து குதித்தன, இது ஓரமாகவே வந்து வாலால் தண்ணீரை வாரி முன்வரிசைகளின் மேல் இறைத்தது. தொப்பலாக நனைந்துபோனோம். உதட்டில் உப்புக் கரித்தது. பேரன் சிரித்த சிரிப்பில் நானும் கைதட்டினேன். அதன் முதுகுத் துடுப்பு மட்டும் வாடிய வாழையிலை மாதிரி ஒரு பக்கமாக மடிந்து கிடந்தது. வயதாகியிருக்கும் அம்மா என்றான் மகன். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

அடுத்த பிப்ரவரி 24ஆம் தேதி, அதே திலிக்கும்தான் டானைக் கொன்றது. அவளுக்கு 40 வயது, அனுபவமுள்ள பயிற்சியாளர். திலிக்குமோடு யாரும் குளத்தில் இறங்கி நீந்தக்கூடாது என்பது அங்கே விதி. அவளும் இறங்கவில்லை. ஓரத்தில் சில அங்குலத் தண்ணீரே நிற்கும் மேடையில் மல்லாந்து படுத்திருந்தாள். அவளைப் பார்த்து அதுவும் மல்லாக்கத் திரும்ப வேண்டும், அதுதான் வித்தை. திரும்புவதற்குப் பதிலாக அவளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு விடவே இல்லை.

அதற்குப் பிறகு ஊர் பேசிய பேச்சைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கால் தவறி விழுந்துவிட்டாள் என்று போலீஸ் தரப்பில் முதலில் சொன்னார்கள். பார்த்தவர்கள் மறுத்ததும், சடையைப் பிடித்து இழுத்தது என்றானது. உடனே நீளமான சடையை ஏன் தொங்கவிட்டாள் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். செத்தவள் தலைமுடியிலா குற்றம் தேடுவது? பைபிளில் ஆளை முட்டிக் கொன்ற மாட்டைக் கல்லெறிந்து கொல்லச் சொல்லியிருக்கிறது, அதன்படி இதையும் கொல்ல வேண்டும் என்று எழுதினார் ஒருவர். கடலில் விட்டுவிடுங்கள் என்றார்கள் வேறு சிலர். மூன்றாம் நாள் சனிக்கிழமை ஓர்க்கா காட்சி மறுபடியும் தொடங்கிவிட்டது. திரையில் டானின் படங்களைக் காட்டினார்கள். அரங்கம் நிறையக் கூட்டம், கைதட்டல். அங்கே உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

அவள் குடும்பத்தார் ஒன்று செய்தார்கள். பூங்காவின் காமிராக்களில் அவளுடைய கடைசி நிமிடங்கள் பதிவாகியிருந்தன. அவை வெளியே வரக்கூடாது என்று கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார்கள். பெற்றவளுக்கும் கட்டியவனுக்கும் அதைவிட வேறு என்ன வேண்டும்? அந்தக் குடும்பம் மூடி வைத்த கதவைத்தான் இந்த வீடியோக்காரர்கள் உடைக்கிறார்கள். பெயரை மாற்றினால் போதுமா?

திலிக்குமின் கதையும் உன் பேத்திக்குத் தெரியட்டும். 1983இல் ஐஸ்லாந்துக் கடலில், இரண்டு வயதுக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துப் பிடித்தார்கள். பிறகு கனடாவில் ஒரு சின்னப் பூங்கா. இரவெல்லாம் இருட்டுத் தொட்டியில் இரண்டு பெண் ஓர்க்காக்களோடு அடைத்து வைப்பார்களாம். அவை கடித்துக் கீறிய தழும்புகள் அதன் உடம்பில் இருந்தன. 1991இல் அங்கே வேலை பார்த்த கெல்டி பைர்ன் என்ற 20 வயது மாணவி கால் வழுக்கி விழுந்தாள். மூன்றுமாகச் சேர்ந்து அவளை மேலே வரவே விடவில்லை. அந்தப் பூங்காவை மூடினார்கள், திலிக்குமை ஆர்லாண்டோவுக்கு விற்றார்கள். 1999இல் ஒரு நாள் காலை, இரவில் உள்ளே புகுந்த ஒருவரின் உடல் அதன் முதுகின் மேல் கிடந்தது. டான் மூன்றாவது. திறந்த கடலில் ஓர்க்கா எந்த மனிதரையும் கொன்றதாகப் பதிவு இல்லை என்பதை இதோடு சேர்த்துப் படி.

2013இல் திலிக்குமைப் பற்றி 'பிளாக்ஃபிஷ்' என்ற ஆவணப்படம் வந்த பிறகுதான் ஜனங்கள் திரும்பினார்கள். சீவேர்ல்டில் பாட்டுக் கச்சேரிக்கு ஒப்புக்கொண்டிருந்த குழுக்கள் ஒவ்வொன்றாக விலகின, கூட்டம் குறைந்தது. பயிற்சியாளர்களைக் காட்சியின்போது ஓர்க்காவின் அருகில் விடக்கூடாது என்பதை 2014இல் அப்பீல் கோர்ட்டும் உறுதி செய்தது. 2016 மார்ச்சில் இனி ஓர்க்கா இனப்பெருக்கம் செய்வதில்லை என்று நிறுவனமே அறிவித்தது. நம் மத்திய அரசு 2013லேயே இங்கே டால்பின் காட்சிக்கூடங்கள் கூடாது என்று சொல்லிவிட்டது, அதில் எனக்குப் பெருமைதான். டான் குடும்பத்தார் மட்டும் அந்தப் படம் அவளுடைய படம் அல்ல என்றார்கள். விலங்குகள் சரியாக நடத்தப்படவில்லை என்று நினைத்திருந்தால் அவள் அங்கே இருந்திருக்கவே மாட்டாள் என்றார்கள். அவர்கள் வார்த்தையைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. அவள் அந்த விலங்குகள் மேல் வைத்த பாசம் நிஜம். அதற்காக அந்தத் தொட்டி சரி என்றும் ஆகிவிடாது.

திலிக்கும் 2017 ஜனவரி 6ஆம் தேதி அதே ஆர்லாண்டோவில் செத்துப்போனது. ஐஸ்லாந்துக் கடலில் பிடிபட்டு முப்பத்து மூன்று வருஷம்.

அந்த வீடியோவை நம் பள்ளித் தோழிகள் குழுவிலும் போட்டிருக்கிறாய், அழித்துவிடு. பேத்தியிடம் இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டு, உன் கண்ணுக்கு வேண்டாம், அவளே உனக்குப் படிக்கட்டும். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் நாகர்கோவில் வருகிறேன். முருங்கை இப்போது நன்றாகக் காய்க்கிறது, பறித்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
மங்கை