செந்தூல் பிள்ளைகளைப் பனி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்கு

செந்தூல், கோலாலம்பூர்
27 பிப்ரவரி 2018

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பிளாட்டின் கீழ்த்தளக் கூடத்தில் வாரத்தில் மூன்று நாள் மாலை வகுப்பு எடுக்கிறேன். 26 பிள்ளைகள் வருகிறார்கள். இந்த மாதம் அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு நல்ல நாட்கள் அமைந்தன. அமைத்துக் கொடுத்தவர்கள் நீங்கள். நேரில் நன்றி சொல்ல வந்தபோதெல்லாம் "இதுக்கெல்லாமா டீச்சர்" என்று பேச்சை மாற்றிவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன், எல்லாருக்கும் தெரியட்டும்.

எல்லாம் ஒரு பையனின் கேள்வியில் தொடங்கியது. ஐந்தாம் ஆண்டு படிக்கிறவன். பிப்ரவரி 9ஆம் தேதி இரவு பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழாவை டிவியில் பார்த்திருக்கிறான். அடுத்த வகுப்பில் பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டான்: "டீச்சர், கொரியாவுல நம்ம கொடி போச்சு. நமக்குத்தான் ஸ்னோவே இல்லையே, எப்படி?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நானே உட்கார்ந்து படித்தேன். 92 நாடுகள் போன அந்த விழாவுக்கு மலேசியா போனது இதுதான் முதல் தடவை. நம்மோடு சேர்ந்து சிங்கப்பூர், நைஜீரியா, எரித்ரியா, எக்குவடோர், கொசோவோ ஆகியவையும் புதிதாக வந்தவை. நம் நாட்டிலிருந்து போனவர்கள் இரண்டே பேர். ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கு, அதாவது பனியில் சுழன்றும் தாவியும் ஆடும் போட்டிக்கு, ஜூலியன் யீ, மலைச்சரிவுப் பனிச்சறுக்குக்கு ஜெஃப்ரி வெப். கொடியைப் பிடித்து முன்னால் நடந்தவர் ஜூலியன், வயது 20. சின்ன வயதில் அவர் பழகிய இடம் பண்டார் சன்வேயில் இருக்கும் பேரங்காடியின் பனித்தளம். நம் பிள்ளைகளில் பலர் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போய், மேலிருந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்த அதே தளம்! இதைச் சொன்னதும் கூடத்தில் எழுந்த சத்தம் இருக்கிறதே, அதற்குப் பிறகு அன்றைக்குக் கணக்குப் பாடம் நடக்கவில்லை.

சரி, அவர் ஆடுவதை எல்லாரும் சேர்ந்து பார்ப்போம் என்று முடிவு செய்தோம். பிப்ரவரி 16, நம் நேரப்படி காலை 9 மணி. அன்று சீனப் புத்தாண்டு. பெரிய திரைக்கு முன்பணம் வாங்கிய ஒரு கடைக்காரர் முந்தின நாள் மத்தியானம் "முடியாது" என்று கைவிரித்துவிட்டார். வேறு யாரிடம் போவது? எல்லாக் கடையும் அடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் படியில் உட்கார்ந்து அழுததை மூன்றாம் மாடி பாக்சிக், எங்கள் மலாய்க்கார மாமா, பார்த்துவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு, அவரும் அவர் மகனும் தங்கள் வீட்டு டிவியைப் போர்வையில் சுற்றி, லிஃப்ட் வேலை செய்யாததால் படி படியாக இறக்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் "பெலான், பெலான்" (மெதுவா, மெதுவா) என்று அவர் மகனிடம் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பாக்சிக், உங்களுக்கு முதல் நன்றி. அவர் மனைவி மக்சிக்குக்கும்தான். அன்று முழுக்க அவர் வீட்டில் டிவி இல்லை.

ஐந்தாம் மாடி அக்கா, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து 120 இட்லி அவித்தீர்கள். சாம்பார் வாளி காலியாகத்தான் திரும்பியது.

அப்புறம் பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் தங்கச்சி. நீ அன்று கூடத்தில் செய்ததை நான் எந்தப் பாடநூலிலும் பார்த்ததில்லையம்மா. சுழலும் நாற்காலியில் ஒரு பிள்ளையை உட்காரவைத்து, இரண்டு கையிலும் தண்ணீர் போத்தலைக் கொடுத்து, கையை நீட்டச் சொல்லிச் சுற்றிவிட்டாய். பிறகு "இப்போ போத்தல நெஞ்சோட சேர்த்துக்கோ" என்றாய். நாற்காலி சட்டென்று வேகமெடுத்ததும் பிள்ளைகள் கத்தினார்கள். பனியில் சுழல்கிறவர்கள் கையை ஏன் உடம்போடு ஒட்டிக்கொள்கிறார்கள் என்பது அந்த நொடியிலேயே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. ஸ்கேட்டிங்கில் ஆக்ஸல் என்கிற தாவலை மட்டும்தான் முகம் முன்னால் பார்த்தபடி எம்பித் தொடங்குவார்கள், ஆனால் பின்பக்கமாகத்தான் இறங்குவார்கள், அதனால் அதில் அரைச்சுற்று கூடுதல் என்று நீ சொன்னதை எட்டு வயதுப் பிள்ளை இப்போது தன் பாட்டிக்கு விளக்குகிறாள்.

ஜூலியன் பனியில் இறங்கியபோது கூடம் அமைதியாகிவிட்டது. மூன்று நிமிடம்கூட இல்லை. தன் வீட்டார் புத்தாண்டு கொண்டாடும் காலையில், கங்னுங் அரங்கில் அவர் ஒரு ஆள், சுற்றிலும் வெள்ளை. ஆட வந்தவர்கள் 30 பேர். அடுத்த சுற்றுக்குப் போவது 24 பேர். ஜூலியன் 25ஆம் இடம்.

"ஒரே ஒரு ஆள் டீச்சர்" என்றான் அந்த ஐந்தாம் ஆண்டுப் பையன். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். ஆனால் நான் அன்றைக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்துக்கு வருவதற்கே அவர் போன செப்டம்பரில் ஜெர்மனியில் நெபல்ஹார்ன் கோப்பைப் போட்டியில் தகுதி பெறவேண்டியிருந்தது. அதற்கு முந்தின மாதம்தான் நம் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் (தென்கிழக்காசிய நாடுகளின் போட்டி), முதல் தடவையாகப் பனி விளையாட்டுகளைச் சேர்த்தபோது, தங்கம் வென்றார். ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கிற ஊரில், பேரங்காடித் தளத்தில் பழகத் தொடங்கிய பிள்ளை ஒலிம்பிக்கில் 25ஆவது. பதக்கம் இல்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறவர்களுக்கு இது எப்படித் தெரியும்? ஜூலியன் யீ, உங்களுக்கு எங்கள் செந்தூல் பிள்ளைகளின் நன்றி. ஜெஃப்ரி வெப், உங்களுக்கும். நீங்கள் பெரும் ஸ்லாலம் பனிச்சறுக்குப் பந்தயத்தில் கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கிய ஞாயிற்றுக்கிழமை, பாக்சிக் வீட்டு வரவேற்பறையில் எங்கள் பிள்ளைகள் பதினொரு பேர் இருந்தார்கள்.

பார்த்தது போதாது, பனித்தளத்துக்கே போய்க் கால் வைத்துப் பார்க்கவேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்த இரண்டு பேர் பெயரைச் சொல்லக்கூடாது என்றீர்கள், சொல்லவில்லை. பள்ளி வேன் அண்ணன்கள் இருவரும் சனிக்கிழமை ஓட்டத்தை விட்டுவிட்டு வந்தீர்கள், எண்ணெய்க் காசைக்கூட வாங்கவில்லை. கையுறைக்கு என்ன செய்வது என்று நான் விழித்தபோது, இரும்புக்கடை முதலாளி தவுக்கே புத்தாண்டுக்கு அடைத்த கடையைப் பாதி திறந்து, வேலையாட்கள் போடும் வெள்ளைப் பருத்திக் கையுறை 26 ஜோடி எடுத்துக் கொடுத்தார், கூடவே ஒரு பெட்டி மாண்டரின் ஆரஞ்சும். கோங் ஹேய் ஃபாட் சோய், புத்தாண்டு வாழ்த்துகள் தவுக்கே.

பனித்தளத்தில் வேலை செய்யும் தம்பிக்கு நான் தனியாகக் கடன்பட்டிருக்கிறேன். 26 பேருக்கும் நீங்கள் மண்டியிட்டு ஸ்கேட் காலணியின் கயிற்றைக் கட்டினீர்கள். குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்து, கணுக்காலில் மட்டும் இறுக்கி, விரல் பக்கம் கொஞ்சம் தளர்த்தி. அதில் ஒரு பிள்ளை, பேச்சே குறைவு, அப்பா போன வருடம் தவறிவிட்டார். முக்கால் மணி நேரம் ஓரச்சுவரை விட்டு நகரவில்லை. நீங்கள் அவளை இழுக்கவில்லை. எதிரே வந்து, பின்பக்கமாகவே நகர்ந்துகொண்டு, ஒரு விரலை மட்டும் நீட்டினீர்கள். அவள் அந்த விரலைப் பிடித்தாள். வெள்ளைக் கையுறை பெரிதாக இருந்ததால் நுனி மடங்கித் தொங்கியது. தளத்தின் நடுவரைக்கும் போனாள். அங்கே நீங்கள் விரலை எடுத்தது அவளுக்குத் தெரியாது. மூன்று அடி தானாகப் போனாள், தம்பி. விழுந்தாள். பனியில் உட்கார்ந்தபடியே சிரித்தாள். அவள் அம்மா கம்பிக்கு வெளியே நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் பெயரைக் கேட்டுவரச் சொன்னார், நான் மறந்துவிட்டேன். அடுத்த முறை வரும்போது கேட்டுக்கொள்கிறேன்.

ஐந்தாம் மாடி அக்கா, உங்கள் இட்லிக் கொப்பரையின் மூடி என் வீட்டில் இருக்கிறது, இன்று மாலை கொண்டுவருகிறேன். பாக்சிக், டிவியை மேலே ஏற்றும்போது போர்வையில் சாம்பார் பட்டுவிட்டது. துவைத்துப் போட்டிருக்கிறேன், காய்ந்ததும் தருகிறேன். தவுக்கே, கையுறைகளைத் திருப்பித் தரலாம் என்று சேர்த்தேன், 25 ஜோடிதான் வந்தது. மீதி ஒரு ஜோடியை அந்தப் பிள்ளை தலையணைக்கடியில் வைத்திருப்பதாக அவள் அம்மா சொன்னார். அதற்கு உண்டான காசை நான் தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
கீழ்த்தள வகுப்பு டீச்சர்