அழிக்கும் முன் ஒரு முறை கேளுங்கள்

கிளவுட் கட்டளைவரிக் கருவிகளை உருவாக்கும் குழுவினருக்கு,

வணக்கம். சோழிங்கநல்லூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக சர்வர்களைப் பார்த்துக்கொள்பவன் நான். கட்டளையைத் தட்டச்சு செய்து இயக்கும் உங்கள் கருவியில், டெலீட் கட்டளை எதுவும் கேட்காமலே அழித்துவிடுகிறது என்ற புகார் உங்களுக்குப் புதிதல்ல. நானே இரண்டு முறை டிக்கெட் போட்டிருக்கிறேன். போன வாரம் நடந்ததைப் பார்த்த பிறகு மூன்றாவது டிக்கெட் போட மனம் வரவில்லை. அதனால் இந்த மடல்.

எங்கள் குழுவில் சேர்ந்து ஒன்றரை ஆண்டான ஒரு பெண். ஸ்டேஜிங் டேட்டாபேஸை, அதாவது சோதனைக்கான பிரதியை, நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றுவது அவள் வாரந்தோறும் செய்கிற வேலை. அன்று மாலை ஒரு லாக் பார்ப்பதற்காக அதே டெர்மினலில் புரொடக்‌ஷன் அக்கவுண்டுக்கு, அதாவது வாடிக்கையாளர் நிஜமாகப் பயன்படுத்தும் கணக்குக்கு, மாறியிருந்தாள். திரும்ப மாற்றவில்லை. இரண்டு அக்கவுண்டிலும் டேட்டாபேஸுக்கு ஒரே பெயர். இரவு ஒன்றே முக்கால் மணிக்கு, மேல்நோக்கிய அம்புக்குறி விசையைத் தட்டிப் பழைய கட்டளையை எடுத்தாள், என்டர் அடித்தாள். அழிக்கும் முன் கடைசி ஸ்னாப்ஷாட் (காப்புப் பிரதி) வேண்டாம் என்பதும் அதே வரியில் இருந்தது.

உங்கள் கருவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரை நிறைய ஜேசான் வடிவத் தரவு வந்து விழுந்தது. எந்த அக்கவுண்ட் என்பதற்கு நடுவில் ஒரு நீண்ட எண், அவ்வளவுதான். “அண்ணா, நான் ஸ்டேஜிங்லதானே இருந்தேன்?” என்று போனில் கேட்டாள். குரல் நடுங்கியது.

அது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் டேட்டாபேஸ். தனியாக எடுத்து வைத்திருந்த பிரதியிலிருந்து மீட்டு முடிக்கக் காலை எட்டரை ஆகிவிட்டது. ஆறு மணியிலிருந்து வெறும் வயிற்றோடு வந்து காத்திருந்த சர்க்கரை நோயாளிகளுக்கு பில் போட முடியவில்லை.

டெலீஷன் புரொடெக்‌ஷன் என்ற அழிப்புத் தடுப்பு வசதி இருக்கிறதே என்பீர்கள். அதைப் போடாமல் விட்டது எங்கள் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் இணையப் பக்கத்தில் அழிக்கப் போனால் உறுதிசெய்யத் தட்டச்சு செய்யச் சொல்கிறீர்கள். கட்டளைவரியில் மட்டும் ஏன் அந்த அக்கறை இல்லை?

கேள்வி கேட்டால், ஆளில்லாமல் தானாக ஓடும் ஸ்கிரிப்டுகள் நின்றுபோகும் என்பது நீங்கள் அனுப்பிய பதில். எதிரே டெர்மினல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல யூனிக்ஸில் ஐசாட்டி என்ற செயல்கூறு எத்தனையோ காலமாக இருக்கிறது. மனிதர் உட்கார்ந்திருந்தால் கேளுங்கள், இல்லையென்றால் விடுங்கள். கிளவுட் வளங்களை உருவாக்கவும் நீக்கவும் உதவும் டெர்ராஃபார்ம் கருவி, என்னென்ன போகும் என்று காட்டி, ‘யெஸ்’ என்று முழுதாக எழுதினால்தான் அழிக்கிறது. ஸ்கிரிப்டுக்குத் தனி ஆப்ஷனும் வைத்திருக்கிறது.

2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 என்ற கோப்புச் சேமிப்புச் சேவை நான்கு மணி நேரத்துக்கு மேல் முடங்கியதும் ஒரு கட்டளையில் தவறாக அடித்த ஒரு உள்ளீட்டால்தான். அதன் பிறகு அமேசான் அந்தக் கருவியையே திருத்தியது. எங்களைப் போன்ற இடங்களில் கருவி அப்படியே இருக்கிறது, மெமோ மட்டும் என்டர் அடித்தவருக்குப் போகிறது. இரவுப் பணிக்கு ஒரே ஆள், அதுவும் அனுபவம் குறைந்தவர், விடிந்தால் விளக்கக் கடிதம். ஐ.டி. நிறுவனங்கள் நிறைந்த எங்கள் ஓ.எம்.ஆர். சாலை முழுக்க இதே கதைதான். கேட்டுக் கேட்டு வயிறு எரிகிறது.

கோபத்தில் ஏதும் கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். அழிக்கும் முன் எந்த அக்கவுண்ட், எந்த ரீஜன் (சர்வர்கள் இருக்கும் பகுதி), என்ன பெயர் என்று ஒரு வரி காட்டி, ஒரு முறை கேளுங்கள். அடுத்த வெளியீட்டிலேயே இதைச் சேர்த்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். சோதித்துப் பார்க்க ஆள் தேவைப்பட்டால் எங்கள் குழுவில் நால்வர் தயாராக இருக்கிறோம். முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருப்பது அந்தப் பெண்தான்.

இப்படிக்கு,
ஒரு சர்வர் பணியாளர்,
சோழிங்கநல்லூர், சென்னை