சேர்க்கைப் படிவத்தின் முதல் கேள்வியை மாற்றுங்கள்

மருத்துவமனைகளின் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவுத் தலைவர்களுக்கு,

வணக்கம். இன்று எழுபது வயதாகும் தன்பாலீர்ப்பாளர் ஒருவரின் காதல், அவர் அறுபதைத் தாண்டும்வரை சட்டப்படி குற்றம். தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டம் 377-ஆம் பிரிவின் பிடி முழுதாகத் தளர்ந்ததே 2018 செப்டம்பர் 6 அன்றுதான். அவரிடம் வார்டில் நாலு பேர் காதுபட, "கல்யாணம் ஆயிடுச்சா? எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டால் "இல்லை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஃபிளாஸ்க்கும் கையுமாக நிற்கும் துணை, கேஸ் ஷீட்டில் வெறும் "நண்பர்" ஆகிவிடுவார்.

"வீட்ல கூட யார் இருக்காங்க? அவசரம்னா முதல்ல யாருக்குச் சொல்லணும்?" என்று தனியறையில் கேளுங்கள். சொன்னதை எழுதலாமா என்றும் கேளுங்கள். கட்டில் முனையில் தொங்கும் தாளில் எழுதவே கூடாது.

மறதிநோய் என்றால் இன்னும் அவசரம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 14-இன்படி வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். துணையைத் தன் நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை முடிவுகளில் தனக்காகப் பேசுபவர், ஆக்கிவிடலாம். அந்தத் தாள் இல்லையென்றால் சட்டத்தின் வரிசையில் ரத்தம், திருமணம், தத்து வழி உறவினர் முன்னால் வருவார், கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர் அதற்குப் பிறகுதான். பல வருஷம் எட்டிப்பார்க்காத அண்ணன் திடீரென்று வந்து முடிவெடுப்பது இதனால்தான். நினைவு மங்கியபின் எழுதினால் செல்லுமா என்று தகராறு வரும்; நோய் உறுதியான வாரமே பேசிவிடுங்கள். இந்த நியமனம் மனநல சிகிச்சைக்கு மட்டும்தான். பணத்துக்கு, தன்பாலீர்ப்புத் துணைகள் வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கவும் ஒருவரையொருவர் நாமினி ஆக்கவும் தடையில்லை என்று நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியிருக்கிறது. அதையும் செய்யச் சொல்லுங்கள்.

வயதான திருநங்கைகள் சிறுநீர் அடைப்போடு வருவார்கள். பழைய நிர்வாணத்துக்கு (ஆணுறுப்பை நீக்கும் அறுவைக்கு) பிறகு சிறுநீர்த் துவாரம் சுருங்கியிருக்கலாம். கதீட்டரை அழுத்திச் செருகினால் ரத்தம் வரும். அறுவைக்குப் பின்னும் புராஸ்டேட் உள்ளேயே இருக்கிறது, அதைச் சோதிக்க மறக்கிறார்கள். செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது உங்கள் வேலை. கூட வரும் சேலாவை (திருநங்கை மரபில் மகளாக ஏற்ற சீடரை) "ரத்த சொந்தமா?" என்று கேட்டு வெளியே நிறுத்தாதீர்கள்.

துணையை இழந்தவரை "நண்பர் இறந்த வருத்தம்" என்று குறித்து அனுப்பிவிடுவதுதான் எங்களுக்கு மிகவும் வலிக்கிறது. அது வாழ்க்கைத்துணையின் இழப்பு. தூக்கம், சாப்பாடு, சாக வேண்டும் என்ற எண்ணம் மூன்றையும் நேராகக் கேளுங்கள். வீடு யார் பேரில் என்றும் கேளுங்கள். காரியம் முடிவதற்குள் இறந்தவரின் சொந்தக்காரர்கள் பூட்டை மாற்றிவிடுவதுண்டு. அப்படியானால் இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அன்றைக்கே கடிதம் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
முதியோர் மனநலத்தில் பணிபுரியும் சமூகப் பணியாளர்கள்